சாவி உன் கைக்கு எப்படி வந்தது

அன்புள்ள ருக்கு அக்கா,

நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஓட்டலைப் போன ஞாயிற்றுக்கிழமை காலை வெடி வைத்து இடித்துவிட்டார்கள். நீ போய் இரண்டு வருஷமாகிறது. இருந்திருந்தால் பார்க்க வந்திருப்பாயா? வந்திருக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது.

மைசூரே திரண்டு வந்திருந்தது. சுற்றியிருந்த மொட்டை மாடிகள் முழுக்கத் தலைகள். உன் மகள் கவிதாவும் கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். "அம்மா வேலை செஞ்ச இடம். கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறேன் சித்தி" என்றாள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் நாம். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நீதான். நீ ரிசப்ஷனில், நான் துணி அறையில். என்ன பகட்டு அக்கா அந்த நாளில்! குதிரைப் பந்தய சீசனில் வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஷூட்டிங்குக்கு வந்த நடிகைகூட நின்று உன் புடவைக் கட்டை விசாரித்துவிட்டுப் போவாள். மாடியில் சீட்டாட்ட ஹால், கோவாவிலிருந்து வந்த சூதாட்டச் சக்கரம். 'மைசூர் கசினோ' என்று ஊரே சொல்லும். அனுமதி கிடையாது என்பதும் ஊருக்கே தெரியும்.

போலீஸ் வந்த அன்று மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "சாவி இந்தம்மாகிட்டதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாம ஹாலைத் திறந்து விட்டிருக்காங்க."

அன்று மதியம் அவரேதான் சாவியை உன் கையில் திணித்துத் திறந்துவிடச் சொன்னார். துவைத்த விரிப்புகளோடு கதவோரம் நின்று நான் பார்த்தேன். என்னைக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் அப்போது ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருந்தார். என் வேலையும் போய்விடுமோ என்று பயம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சொல் என்றாயா, சொல்லாதே என்றாயா?

உன் வேலை போனது. மானம் போச்சு என்று உன் வீட்டுக்காரர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டார். நீ யாரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. நீங்கள் கொள்ளேகாலுக்கே குடிபோன பிறகும், பொங்கலுக்கு நான் வந்தால் என் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டாய். நானும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே மேனேஜர் பந்தலில் மைக் பிடித்து ஓட்டலின் பெருமையெல்லாம் பேசினார். கவிதா கேட்டாள், "இவ்வளவு பிடிச்ச இடத்துல அம்மா ஏன் சித்தி அப்படி ஒரு தப்பு செஞ்சாங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நிஜவா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கொஞ்சம் கழித்து, "நீங்க பார்த்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் எங்க வீட்டுக்கு வந்து போயிட்டு இருந்தீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஐந்து மாடியும் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. கைதட்டல், விசில். புழுதி எங்கள் மேல் வந்து படிந்தது. கவிதா முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. "அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றவள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நீ தப்பு செய்ததாகத்தான் உன் வீட்டுக்காரர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இப்போது காது மந்தம். உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும், தெருவுக்கே கேட்கும். கேட்கட்டும். வெள்ளிக்கிழமை கொள்ளேகால் போகிறேன். உள்ளே வா என்று கூப்பிடாவிட்டாலும், வாசலில் நின்றாவது சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன் அக்கா.

உன் கையால் சாப்பிட்ட ஓரகத்தி,
செல்வி