சங்கு ஊதாத ஊரில் சமையல்

ஷார்ஜா, 12.6.2004

அம்மாவுக்கு ராஜ்மோகனின் வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

எங்கள் அறையில் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை சமையல் என் முறை. "எங்கம்மா அரை மணி நேரத்துல எட்டு பேருக்குச் சமைச்சிடுவாங்க" என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். நீங்கள் போனில் சொன்ன கணக்கில்தான் சிக்கல்: "பீங்கான் கம்பெனி சங்கு ஊதுனா அரிசியப் போடு, பாசஞ்சர் ரயிலு வந்தா வடி, நடுவுல கொழம்பு பொரியல முடிச்சிடு." இங்கே சங்கும் இல்லை, பாசஞ்சரும் இல்லை. தினமும் வரும் தண்ணீர் லாரியைப் பாசஞ்சராக வைத்துக்கொண்டேன். அன்றைக்கென்று லாரி வரவில்லை.

அறையில் இருக்கும் சேத்தியாத்தோப்புப் பிரபாகரன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத்த வெச்சு போஸ்டர் ஒட்டலாம்ணே" என்றான். ஆனாலும் இரண்டு தடவை வாங்கித் தின்றான்.

மங்கலம்பேட்டை காதர் பாய் லீவு முடிந்து வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். அப்படியே சங்கு ஊதுவதிலிருந்து பாசஞ்சர் வரும்வரை கேட்கும் சத்தத்தை ஒரு கேசட்டில் பதியத் தங்கச்சி துர்காவிடம் சொல்லுங்கள். இடையில் நிறுத்தினால் கணக்கு தப்பிவிடும். நீங்கள் தாளிப்பதும் அவளைத் திட்டுவதும் அதில் விழுந்தால் பரவாயில்லை, இருக்கட்டும்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. கேசட் சமையலுக்குத்தான்.

ராஜ்மோகன்