வலக்கைக்குக் காய்ச்சிய பசை

தை 19, திங்கள்

விடியப் பனி. முற்றத்துப் பப்பாசி மரமே தெரியவில்லை. இடியப்பம் பிழிந்து, அவித்து, இரண்டு கடைக்கும் அனுப்பி முடிய ஆறரை. மணிக்கட்டு வலி. நேற்றையதை விட மோசம்.

இன்று தொடங்கவேண்டிய புது வேலை: பசை.

போன கிழமை வவுனியா கிளினிக்கில், கைகால் பயிற்சி கொடுக்கிற மிஸ் சொன்னது. மறந்துபோக முன் எழுதிவைக்கிறேன்:

- பழைய பேப்பரை வலக்கையால் கிழிக்கவேண்டும். இடக்கை பிடிக்க மட்டும்.
- கோதம்பமாப் பசையில் தோய்த்துப் பிசையவேண்டும். அதுவும் வலக்கை.
- பிசைந்ததில் பந்து, கிண்ணம், பொம்மை, எது விருப்பமோ அது. காயவிட்டு மேலே மேலே ஒட்டலாம்.
- ஒரு நாளைக்கு இரண்டு தரம், அரை மணித்தியாலம்.
- மாசி 12 திரும்ப வரவேண்டும்.

இவருக்குப் பாரிசவாதம் வந்தது ஐப்பசியில். கால் ஓரளவு திரும்பிவிட்டது, பொல்லைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை போகிறார். பேச்சும் மெதுவாக வருகிறது. வலக்கைதான் வைத்த இடத்தில் கிடக்கிறது. முப்பது வருடம் கல் அடுக்கிப் பூசின கை. மல்லாவியில் இவர் கட்டாத வீடு குறைவு.

முதல் பசை பிழைத்தது. கொதித்தது, தடித்தது, ஆனால் ஒட்டவில்லை. பேப்பர் வழுக்கிக்கொண்டு போனது. பிறகுதான் விளங்கியது, இடியப்பத்துக்கு அவித்து அரித்து வைத்த மாவைப் போட்டிருக்கிறேன். அவித்த மா எப்படி ஒட்டும்? விடிந்தால் பொழுதுபட்டால் மாவோடு கிடக்கிற எனக்கு இது தெரியவில்லை.

இவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் என்ன, நேசரிப் பிள்ளையோ?" அவ்வளவுதான்.

தை 20, செவ்வாய்

பனி குறைவு. பச்சை மா. கொதிதண்ணீருக்குள் அப்படியே கொட்டினேன். முழுக்கக் கட்டி.

கதிரையில் இருந்து குரல்: "பச்சைத் தண்ணியில முதல் கரை. பிறகு கொதிக்கிறதுக்குள்ள விடு. சீமெந்தெண்டாலும் சும்மா கொட்டேலாது."

அப்படியே செய்தேன். ஒரு கோப்பை மா, ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர், நாலு கோப்பை கொதிதண்ணீர். கைவிடாமல் கிளற, வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி வந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன், ஒட்டியது. இவருக்குக் காட்டினேன். "ம்" என்றார். இரண்டு நாளில் கிடைத்த நல்ல சொல் அதுதான்.

பேப்பர் பரீத் நானா தந்தது. என் இடியப்பம் போகிற தேத்தண்ணிக் கடை அவருடையது. ஒரு கட்டுப் பேப்பரைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிவிட்டார். "மேசனுக்கு வேல குடுக்கிறீங்களாம் தங்கச்சி. நல்லம். இன்னும் வேணுமெண்டா கேளுங்க."

இவரை அரை மணித்தியாலம் விட்டுவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனேன். திரும்பி வர இரண்டு உருண்டை. சந்தோசம்.

தை 23, வெள்ளி

வாங்கவேண்டியது: மா, உப்பு, கராம்பு, இவருடைய பிரஷர் குளிசை, தேங்காய் 2.

நேற்றுக் காய்ச்சிய பசை புளித்துவிட்டது. குசினி முழுக்க நாற்றம், சட்டி முழுக்க எறும்பு. இனி உப்பும் கராம்பும் போட்டுக் காய்ச்சவேண்டும். மயில்துத்தம் போட்டால் பூச்சி வராதென்று கடையில் சொன்னார்கள். கை படுகிற சாமானில் நஞ்சு வேண்டாம், விட்டுவிட்டேன்.

மதிலில் ஒன்பது உருண்டை காய்கிறது. இவர் பார்த்துவிட்டு, "யானை லத்தி மாதிரிக் கிடக்கு. உருண்டை பிடிச்சது காணும். எருமை ஒண்டு செய்வம்."

"ஏன் எருமை?"

"கொஞ்சம் கோணலா வந்தாலும் ஆரும் பிழை சொல்லாயினம்."

ஐப்பசிக்குப் பிறகு இவர் சொன்ன முதல் பகிடி. நான் சிரிக்கவில்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டு இருந்தது. பிறகு நினைத்துக் கவலைப்பட்டேன்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்தேன். இவர் சொல்லச் சொல்ல, குறட்டால் வளைத்தது நான். நாலு கால், முதுகு, தலை.

தை 27, செவ்வாய்

வெயில். இரணைமடுப் பக்கம் அறுவடை தொடங்கிவிட்டதாம், மெசின்கள் வரிசையாகப் போகின்றன.

எருமையின் கால் மடங்கிவிட்டது. ஈரப் பேப்பரின் பாரம் கம்பிக்குத் தாங்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிக்கேலாட்டி படுக்கட்டும்" என்றார். காலை உள்ளுக்கு மடித்து, படுத்த எருமை ஆக்கினோம்.

சந்தையில், எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருடைய கதை:

"மனுசன் இப்ப வீட்டோடதானே."

"ஓம், அவவுக்கும் ஒரு துணை."

திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் முழுக்க நித்திரை கொள்ளவேண்டும். காய்ச்சல் வந்தால் படுக்கலாம். காய்ச்சலும் வருகுதில்லை.

தை 29, வியாழன்

எழுத விருப்பமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

பின்னேரம் கிணற்றடியில் இவரைக் குளிக்க வார்க்கும்போது கையைத் தேய்த்தேன். இடக்கை நகத்துக்குள் எல்லாம் காய்ந்த பசை, வெள்ளையாக. வலக்கை நகம் சுத்தம். ஒரு துளி இல்லை.

"எத்தினை நாளா?"

இடக்கையை இழுத்துக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கிறன். எத்தினை நாளா இடக்கையால செய்யிறியள்?"

"துடக்கத்தில இருந்து." பிறகு, "அது செய்யாது யோகா. நீ நிக்கேக்கை வைச்சுப் பாக்கிறனான். அங்கால போன உடன மற்றக் கை."

வாளியைக் கீழே போட்டேன். "விடியக்காலமை எழும்பி முறிஞ்சுபோட்டு, அதுக்குப் பிறகும் நிண்டு பசை காய்ச்சுறன். பத்து நாளா ஆருக்குக் காய்ச்சினனான்? கிளினிக்கில மிஸ்ஸுக்கு என்ன சொல்லுறது?"

கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தலையில் சவுக்காரம் வழிகிறது, கண்ணைத் துடைக்கவும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்ப இப்பிடியே கிடவுங்கோ" என்றேன்.

சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரை வார்த்தேன். துடைத்துவிட்டேன். சாப்பாடு கொடுத்தேன். கதைக்கவில்லை.

தை 30, வெள்ளி

சுருக்கமாக.

காலையிலும் இவரோடு கதைக்கவில்லை. பசை காய்ச்சி, இறக்கின சூட்டோடு பேசினில் ஊற்றி, இவருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். வழமையாக "ஆறட்டும், தொடாதேங்கோ" என்று சொல்லுவேன். இன்று சொல்லவில்லை. கோபம். கொடியில் உடுப்புப் போடப் போய்விட்டேன்.

திரும்பி வர, வலக்கை மணிக்கட்டு வரை பேசினுக்குள். இடக்கையால் அதைப் பிடித்து அமத்தி வைத்திருக்கிறார். ஆவி பறக்கிறது. என்னைப் பார்த்து, "பார், வலக்கைதான்."

பேசினைத் தட்டிவிட்டேன். கையைத் தூக்கித் தொட்டித் தண்ணீருக்குள் வைத்தேன். பசை ஒட்டிக்கொண்டு போகுதில்லை. தோல் சிவந்து, பிறகு பொங்கத் தொடங்கியது.

"சுடேல்லையோ உங்களுக்கு?"

"சுடுதோ?" என்று என்னைக் கேட்டார்.

ஓட்டோ. ஆசுப்பத்திரி. மருந்து கட்டிவிட்டார்கள். டொக்டரிடம், "நான்தான் சுடச்சுட வைச்சனான்" என்றேன். இவர் குறுக்கே, "இல்லை டொக்டர், அவ அங்க நிக்கேல்லை. நான்தான் கையை விட்டனான்."

தை 31, சனி

இடியப்பம் வழமை போல. எப்படிப் பிழிந்தேன் என்று ஞாபகம் இல்லை.

கொப்புளம் பெரிது, நாலு விரலிலும் புறங்கையிலும். இவருக்கு நோகவில்லை. நோகாததுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

"என்னில பிழை" என்றேன்.

"தேத்தண்ணி தா" என்றார். கொடுத்தேன். இடக்கையால் வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். குடித்தேன். சீனி போட மறந்திருக்கிறேன். அவர் சொல்லவும் இல்லை.

மாசி 5, வியாழன்

மேகம். மருந்து கட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறோம். காயம் பழுக்கவில்லை என்றார்கள். நிம்மதி.

வலக்கைக்குப் பயிற்சி இல்லை. பசை காய்ச்சத் தேவையும் இல்லை. ஆனால் இன்று இவரே கேட்டார்: "அந்த மாட்டை அரைகுறையா விடப்போறியே?"

காய்ச்சினேன். ஆற வைத்தேன். மூன்று தரம் விரலை விட்டுப் பார்த்து, பிறகுதான் கொடுத்தேன். அவர் இடக்கை, நான் இரண்டு கை. பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்துத் தோய்த்து, குறுக்கும் நெடுக்கும் ஒட்டவேண்டும் என்றார். ஒரே பக்கமாக ஒட்டினால் வெடிக்குமாம். கொம்புக்குப் பேப்பரை முறுக்கினோம். ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். முகத்தை அவரே விரலால் அமத்தி அமத்தி எடுத்தார்.

"உன்னை மாதிரியே வந்திருக்கு."

"நான் எருமையோ?"

"களைப்பைச் சொன்னனான்."

இந்தத் தரம் சிரித்தேன். பிறகு ஏனோ அழுகை வந்தது. குசினிக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன். அவர் கவனிக்காதது போல வாலைச் செய்துகொண்டு இருந்தார்.

மாசி 9, திங்கள்

மழை, காலமில்லாத காலத்தில். வெட்டின நெல் நனையப்போகிறது என்று எல்லாரும் புலம்பல். எங்களுக்கு எருமை. வயிற்றுப் பக்கம் காயவே இல்லை, பச்சையாகப் பூஞ்சணம். உப்புக் குறைந்துவிட்டது போல. துடைத்து அடுப்படியில் வைத்தேன். இடியப்பத் தட்டோடு எருமையும் சூடு காய்கிறது.

மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்தேன். இவர், "கொண்டா" என்று வாங்கி இடக்கையால் தேய்த்துவிட்டார். நல்லாகத் தேய்க்கத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

மாசி 12, வியாழன்

நாலரை மணி பஸ். இரவே இடியப்பம் பிழிந்து வைத்துவிட்டுப் போனேன், அதனால் நித்திரை இல்லை.

எருமையைப் பையில் வைத்துக் கொண்டுபோனோம். மிஸ் மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "ஐயா, இது எந்தக் கையால?"

நான் வாயைத் திறக்க முன் இவர், "இடக்கை. அவவின்ர ரெண்டு கையும்" என்றார்.

மிஸ் சூட்டுக் காயத்தைப் பார்த்தா. என்னை ஏசவில்லை. கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாக ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டா. இவர் ஒவ்வொன்றுக்கும் "இல்லை". தோள் வரை இல்லை.

"ஐயா, ஒளிக்காமச் சொல்லுறன். கால் இன்னும் நல்லா வரும். இந்தக் கை பெரிசா வரும் எண்டு நான் நினைக்கேல்லை. இனி இது உதவிக் கை. இடக்கையை வேலைக் கையாப் பழக்குவம்."

"மேசன் வேலை?"

"கஷ்டம் ஐயா."

"சரி" என்றார். அவ்வளவு அமைதியாக. அப்போதுதான் விளங்கியது, இவருக்கு இது பசை காய்ச்சத் தொடங்க முன்னமே தெரியும். தெரியாமல் இருந்தது நான் மட்டும். எனக்காகத்தான் ஒவ்வொரு நாளும் பேப்பரை முன்னால் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அழவேண்டும் போல இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தலையில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அது சரியா என்று தெரியவில்லை.

எருமையை மிஸ் கேட்டா, மற்ற ஆட்களுக்குக் காட்டவாம். இவர் யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் இவர் யன்னலோரம், நான் இவருக்கு வலப்பக்கம். ஓமந்தை தாண்டியது தெரியும். பிறகு கண் முழிக்க மாங்குளம். என் தலை இவர் தோளில். தோளில் என் வாய் வாணி வடிந்திருக்கிறது.

"எப்ப நித்திரை கொண்டனான்?"

"புளியங்குளத்துக்குக் கிட்ட. எனக்கும் தெரியாது. திரும்பிப் பாக்கேக்கைதான் கண்டனான், உன்ர தலை கிடக்கிறதை."

"எழுப்பியிருக்கலாமே. தோள் விறைச்சிருக்கும்."

"அந்தத் தோள் எங்க விறைக்கப் போகுது?" சிரித்தார். "அந்தப் பக்கம் நீ எவ்வளவு நேரமும் படுக்கலாம்."

மாசி 13, வெள்ளி

கண் விழிக்க வெயில் கட்டில் வரை வந்துவிட்டது. பதறி எழும்பினேன். இடியப்பம்!

வெளியில் இவருடைய குரல். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. போனில். பாரிசவாத வருத்தம் வந்த பிறகு இவர் தானாக எடுத்த முதல் போன்.

"ஓம் நானா, மேசன்தான் கதைக்கிறன். இண்டைக்கு இடியப்பம் இல்லை. ...இல்லை, வருத்தம் ஒண்டுமில்லை. அவ படுத்திருக்கிறா. படுக்கட்டும்."

எட்டு மணி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.