மேசைக்காலின் கீழ் ஒரு சீட்டு

ஸ்காபரோ
பெரிய வியாழன், மத்தியானம்

அன்பு மகள் றெஜினாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வன்கூவர் மழைக்குள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறேன். சுகம் என்று எழுதினால் அரைப் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய், அதனால்தான் நடமாடுகிறோம் என்று எழுதினேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடத்தில் சண்டை பிடித்துவிடுவோம், நீ கட் பண்ணிவிடுவாய், கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழக் கொண்டுபோய் விட்டதன் பலனை இன்றைக்கு எடுக்கப்போகிறேன். விளங்காத இடத்தைச் சத்தமாக வாசி, காதால் கேட்டால் விளங்கும்.

நிற்க. எங்கள் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். போன செப்டம்பரில் உன் டாரோ சீட்டுக்கட்டை உன்னிடம் கேட்காமல் வாசல் குப்பை நீலத் தொட்டிக்குள் போட்டது நான்தான். குறி பார்க்கிற சாமான் வீட்டுக்குள் இருந்தால் பாவம் என்று கத்தினேன். நீ குசினிக்குள் நின்று, "அம்மா, இது ஃபியூச்சர் சொல்லாது, இப்ப என்ன நடக்குது எண்டு வடிவாப் பாக்கிறதுக்குத்தான்" என்று சொல்லச் சொல்ல நான் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவினேன். அடுத்த கிழமை நீ வன்கூவர் வேலைக்கு ஓம் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஏழு மாதமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், நான் செய்தது பிழை, மன்னித்துக்கொள். ஏன் இப்போது என்றால், அந்தக் கட்டில் ஒரேயொரு சீட்டுத் தப்பியிருக்கிறது, அது இந்தக் கிழமை எங்கள் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டது.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்து அப்பா படுத்துவிட்டார், நான் பெரிய சட்டி எடுக்க கராஜுக்குள் போனேன். மூடி கைதவறி உருண்டு அப்பாவின் வேலை மேசைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பார்த்தால் மேசைக்காலின் கீழே உன் சீட்டு, படம் நிலத்தைப் பார்க்கக் கிடக்கிறது. அதை இழுத்தெடுத்துக்கொண்டு நிமிரும்போதுதான் மேசையில் இருந்த பழைய பால்மாத் தகர ரின்னுக்குள் நீளமான போல்ட் ஒன்றைக் கண்டேன். உனக்குத் தெரியும், ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிப் பாஸ்கு நாடகத்துக்குச் சிலுவை செய்வது அப்பாதான். குறுக்குமரத்துக்கு இரண்டு, யேசுவாக நடிக்கிறவர் ஏறி நிற்கிற கால்பலகைக்கு இரண்டு என்று நாலே நாலு போல்ட் வாங்குவார், ஐந்தாவது வாங்கமாட்டார். ரின்னுக்குள் ஒன்று மிஞ்சிக் கிடந்தால் சிலுவையில் மூன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் சிலுவை ஊதாத் துணி மூடிக் கிடந்தது, தொடப் பயம். தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு அந்தத் துணியைப் போட்டால் செய்தவரைத் தவிர வேறு ஒருவரும் திறப்பதில்லை, வெள்ளிக்கிழமை மேடையில்தான் துணி விழும். எங்கள் ஆட்களின் பக்தி அப்படி, ஒரு மனிதனைத் தாங்கப்போகிற மரத்தை இருபத்தொரு வருடமாக ஒருவரும் ஒருதரமாவது ஆட்டிப் பார்த்ததில்லை. இந்த வருடம் அதில் ஏறப்போவது யார் தெரியுமா, யூட்சன். கிளிபோட் மாமாவின் ஒரே பிள்ளை, என் தம்பியின் மகன்.

போல்ட்டை மட்டும் கண்டு நான் இவ்வளவு பயப்படவில்லை. மாரிகாலம் தொடங்கியதிலிருந்து அப்பா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். கார்க் கண்ணாடியை கராஜ் சுவரில் இரண்டுதரம் உரசிவிட்டார். பைபிளைத் தலையைச் சாய்த்துத்தான் வாசிக்கிறார். கேட்டால் "லைற் சரியில்லை" என்பார், நானும் மூன்று பல்ப் மாற்றிவிட்டேன். ஞாயிறு இராச்சாப்பாட்டில் போல்ட் கதையை மெல்ல எடுத்தேன். "இருவத்தொரு வருசமாச் செய்யிறன், ஒருத்தனும் விழேல்லை. நீ சோத்தைப் போடு" என்றார். சோற்றைப் போட்டேன்.

திங்கட்கிழமை பேக்கரியில் பிரேக் நேரம் உன் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பிசாசும் எலும்புக்கூடும் இருக்கும் என்று நினைத்தவளுக்கு அதில் ஒரு கோயில் இருந்தது மகள். நான் கோயிலைத்தான் குப்பையில் போட்டிருக்கிறேன். கல்வளைவு, வளைவின் மேலே மூன்று வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம். கீழே ஒரு வேலையாள் வாங்குப் பலகையில் ஏறிச் சுத்தியலோடு நிற்கிறான். எதிரே நடு மொட்டையோடு ஒரு சுவாமியார், அவருக்குப் பக்கத்தில் புள்ளி போட்ட அங்கியோடு ஒருவர் பிளானை விரித்துப் பிடித்திருக்கிறார். காதில் வயரைச் சொருகிக்கொண்டு யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை சொல்வதைக் கேட்டேன். கைத்திறனும் கூட்டு வேலையும்தான் இந்தச் சீட்டின் பொருளாம். செய்கிறவர், திட்டம் போடுகிறவர், யாருக்காகச் செய்கிறார்களோ அவர், இந்த மூன்று பேரும் சேர்ந்தால்தான் வளைவு நிற்குமாம், மேலே உள்ள மூன்று வட்டமும் அவர்கள்தானாம். தலைகீழாக வந்தால் தன்பாட்டில் வேலை, ஒருவர் சொல்லை ஒருவர் கேளாமை, மறைப்பு என்றாள். நான் பார்த்தது வேறொன்று. வேலையாள்தான் உயரத்தில் நிற்கிறான், படித்தவர்கள் கீழே நிற்கிறார்கள். ஆனாலும் அவன் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கேட்கிறான். அவன் வேலையின் மேல் துணி ஏதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா தலைமயிர் வெட்டப் போன நேரம் பார்த்துக் கிளிபோட் மாமாவையும் பங்குக் குரு அன்புராசா சுவாமியையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பாஸ்குக்குப் பிளான் கீறி நடத்துகிறவன் மாமா, கோயில் சுவாமியுடையது, இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் எப்படி? முப்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதனின் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்கிறேனே என்று நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். கராஜுக்குள் மூன்று பேரும் துணியைப் பார்த்தபடி நின்றோம். சுவாமி மாமாவைப் பார்த்தார், மாமா சுவாமியைப் பார்த்தான், ஒருவர் கையும் நீளவில்லை. நான்தான் இழுத்தேன். கால்பலகையில் ஒரு போல்ட்தான் இருந்தது. மற்றத் துளை மரத்தின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்து, ஓரம் நீளத்துக்குப் பிளந்து, பிளவுக்கு மேலே மரப் புட்டிப் பசை பூசித் தேய்த்திருந்தது. வேறு யாரும் பூசியிருந்தால் இவ்வளவு நேர்த்தியாக இருக்காது, உன் அப்பாவின் கை. மாமா கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் அப்படியே குந்திவிட்டான். "அக்கா, யூட்சன் நூற்றெண்பது பவுண்ட்ஸ்" என்றான்.

அந்த நேரம் கராஜ் கதவு தானாக மேலே போகத் தொடங்கியது. வெளியே கார், காருக்குள் அப்பா, கையில் ரிமோட். மயிர் வெட்டுகிற கடையில் சனம் கூடவாம், மயிர் வெட்டாமலே திரும்பிவிட்டார். என் கையில் ஊதாத் துணி. இறங்கி வந்தார். எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், "மூண்டு பேருமா? நல்லது" என்றார். துணியை என் கையிலிருந்து வாங்கிச் சிலுவையின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போனார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு முழுக்க நான் சமைத்ததைத் தொடவில்லை, பாண் எடுத்துத் தின்றார். வெள்ளிக்கிழமை பாஸ்கு இல்லை என்று சனத்துக்கு அறிவிக்கட்டா என்று சுவாமி மூன்றுதரம் போன் பண்ணிக் கேட்டார். என்ன சொல்வது? ஓம் என்றால் இந்த மனிதன் இனிமேல் கோயில் வாசல் மிதிக்கமாட்டார், இல்லை என்றால் யூட்சன் ஏறுவான்.

புதன்கிழமை காலை நான் குசினிக்குள் வரும்போது அப்பா நின்றுகொண்டிருந்தார். உன் சீட்டைச் சீனி ரின்னில் சாய்த்து வைத்திருந்தேன், அதை இடது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யூடியூப் பெண்பிள்ளை சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். சீட்டிலிருந்த வேலையாளைப் பெருவிரலால் தொட்டார். பிறகு, "இவனுக்குப் பிளான் பிடிக்க ஒருத்தன் நிக்கிறான். எனக்குக் கிளிபோட் பிளானைத் தந்துபோட்டு மார்க்கத்தில இருக்கிற தன்ர வீட்டுக்கு ஓடிப்போயிடுவான்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அது நியாயம், இருபத்தொரு வருடமாக நாங்கள் எல்லாரும் அவரைத் தனியே விட்டுவிட்டுத் துணியைக் கும்பிட்டிருக்கிறோம். நான் அதை அவரிடம் சொன்னேன், சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் போனை எடுத்து, "கிளிபோட், வேலைக்கு லீவைப் போட்டுட்டு வா. யூட்சனையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வந்தார்கள், சுவாமியும் வந்தார். துணியைக் கழற்றி மடித்து என்னிடம் தந்தார்கள். பழைய கால்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது மரம் வெட்டினார்கள். எங்கே துளை என்று அப்பா விரலால் தடவிச் சொன்னார், மாமா ட்ரில்லைப் பிடித்தான். "சரிக்குது, நிமித்து" என்று அப்பா சொல்லச் சொல்ல மாமா ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை, உன் மாமாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நாலு போல்ட்டும் ஏறியது. கராஜுக்குள் நிமிர்த்த உயரம் போதாது, வீட்டு முன்னால் கார் விடுகிற இடத்தில் அடிக்கட்டையைப் போட்டுச் சிலுவையை நிறுத்தினார்கள். முன்வீட்டுப் பிலிப்பினோ மனிசி குப்பை வைக்க வந்தவள் பையைப் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். யூட்சன் ஏணியில் கால் வைத்தான். அப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடு தம்பி. செய்தது நான், முதல்ல நான் ஏறுறன்" என்றார்.

மகள், அவருக்கு அறுபத்தாறு வயது, அந்தக் குளிரில் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு ஏறினார். பலகையில் இரண்டு காலையும் வைத்தார், கயிற்று வளையத்துக்குள் கைகளை நுழைத்தார், ஏணியை எடுக்கச் சொன்னார். மேடையில் யேசு சிலுவையில் நிற்பது பதினொரு நிமிடம், அவ்வளவும் நிற்கப்போகிறேன் என்றார். மாமா மணிக்கூட்டைப் பார்த்தான், சுவாமி விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றார், யூட்சன் அடிக்கட்டையைக் கட்டிப்பிடித்திருந்தான். நாலாவது நிமிடம் மரம் ஒருதரம் முனகியது. எனக்கு எந்தச் செபமும் வாயில் வரவில்லை, அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்பதாவது நிமிடமோ பத்தாவது நிமிடமோ, மேலே இருந்து, "றோசலின், நீ எங்க நிக்கிறாய்?" என்று கேட்டார். நான் அவருக்கு முன்னால், அவருடைய வலது பக்கமாக நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். "இஞ்சதான், உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறன்" என்றேன். அவர் தலையைத் திருப்பவில்லை. "தெரியேல்லை" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

இறக்கினோம். பலகை ஒரு நூல் அசையவில்லை. மாமா அங்கேயே நின்று கண் டொக்டருக்குப் போன் பண்ணினான், உயிர்த்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை கார் ஓடமாட்டார், சாவி என் கைப்பையில் இருக்கிறது. நாளைக்கு ஆறு மணிக்கு யூட்சனை ஏற்றும்போது உனக்கு அங்கே மூன்று மணி. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நல்லபடி முடியும் என்று எழுதுகிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், மாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்திருப்பா. கடைசியாக இன்னும் ஒன்று. உன் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பத்தான் இருந்தேன். இன்றைக்குக் காலையில் அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் திரும்பவும் மேசைக்காலின் கீழே வைத்துவிட்டார், இந்தமுறை படம் மேலே தெரிய. நீலத் தொட்டியிலிருந்து அதை எடுத்தது தான்தான் என்றார், வேலைக்காரன் படம் என்றபடியால் விட மனம் வரவில்லையாம். "உது மேசைக்கு வேணும், மேசை ஆடுது. அவளுக்கு வேணுமெண்டால் வந்து எடுக்கச் சொல்லு" என்றார். அவர் அந்தப் பக்கம் போனபிறகு நான் சீட்டை இழுத்துவிட்டு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன் மகள். அது ஆடவில்லை.

என்றும் உன்னைத் தேடும் அம்மா,
றோசலின் யோசப்