சின்ன பேட்டரியின் நான்கு விளக்குகள்

அப்பா,

போர்வைக்குள் உங்கள் ரம்பத்தின் எண்ணெய் வாசனை அடிக்கிறது. அதன் சின்ன பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். நாளைக் காலை அம்மாவின் தம்பி, நம் மாமா, இந்த ரம்பத்தோடு சில்வர் ஓக் மரம் ஏறப் போகிறார்.

குன்னூர்க் கடையில் இதைப் பழையதாக வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல், நம் அரை ஏக்கரைக் காடாக விட்டிருந்தோம். ஊரில் எல்லோரும் நிழல் மரங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பேட்டரி ரம்பம் இருந்தால் கிளை கழிக்கும் வேலையாவது கிடைக்கும் என்றீர்கள். இரண்டு பேட்டரியும் ஒரே வோல்ட்தான், பெரியது அதிக நேரம் ஓடும், அதையே எடுங்கள் என்றார் கடைக்காரர். நீங்கள் அதை மாட்டி, ரம்பத்தை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தீர்கள். கனம் தாங்காமல் கை தானாகச் சரியும்வரை இறக்கவில்லை.

"ஏனுங்க, பஸ்ஸ நிறுத்தறீங்களா?" என்று அவர் சிரித்தார்.

"மேல ஏறினா ஒரு கை மரத்துக்குங்க. மிச்சம் ஒரு கைதான்," என்றீர்கள்.

அதனால் சின்னதையும் வாங்கினோம். தரையில் கிடக்கும் தடிமரத்துக்குப் பெரியது, மேலே ஏறினால் சின்னது. சின்னது சீக்கிரம் தீர்ந்துவிடும். உறைபனியில் சில்லிட்டுப் போனால் சார்ஜும் ஏறாது. சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். சார்ஜில் போடும் முன் அதைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்குவது என் வேலையானது. "கோழி அடைக்கு உக்காந்திருச்சு," என்று அம்மாவிடம் சொல்வீர்கள். காலையில் பேட்டரியின் பொத்தானை அழுத்தி, சார்ஜ் முழுதாக ஏறி நான்கு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துத் தருவேன்.

ஒருநாள் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி என் ஸ்வெட்டரை முகர்ந்துவிட்டு, "லாரி ஷெட்லயா படுத்தே?" என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் பேட்டரியைப் போர்வைக்குள் எடுக்கவில்லை. ஜன்னலோரம் கிடந்ததை அப்படியே சார்ஜரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"பாத்துட்டியா கண்ணு?"

"பாத்துட்டேன்ப்பா."

பொத்தானை நான் அழுத்தவே இல்லை. நீங்களும் அழுத்தவில்லை. நான் சொன்னால் உங்களுக்குப் போதும்.

கிளை பாதி அறுந்தபோது ரம்பம் நின்றுவிட்டதாம். சிக்கிய பிளேடை நீங்கள் ஆட்டி உருவும்போது, கிளை பிளந்து உங்களையும் தள்ளிக்கொண்டு விழுந்ததாம். பழைய ரம்பம், மக்கர் பண்ணிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தேயிலை விலை இன்னும் ஏறவில்லை. மாமாவுக்கு எஸ்டேட்டில் வேலை போய்விட்டது. மரம் ஏற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்புறம் எதைத் திங்கறது சாமி? பேட்டரிய மட்டும் பாத்து வெச்சிரு. உங்கப்பாவுக்கு நீதான பாத்துக் குடுப்பே," என்றார்.

பேட்டரி இப்போது சூடாகிவிட்டது. இனி சார்ஜில் போட்டுவிட்டு, பச்சை விளக்கு வரும்வரை விழித்திருப்பேன். நான்கும் எரிந்தால்தான் என்ன, மரம் அதே உயரம்தான். காலையில் மாமா கேட்டால் பார்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கையிலேயே கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்வேன். ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்களிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்தப் "பாத்துட்டேன்"தான், அப்பா. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.