லானின் வகுப்பை மூடினார்கள்

மார்ச் 14, 1933, செவ்வாய். சைகோன்.

இல்லை, லான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நகராட்சியில் பணமில்லையாம், எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பை மூட வேண்டுமாம். தலைமையாசிரியை இன்று மூடியது லானின் சின்னக் குழந்தைகள் வகுப்பை. லானும் நானும் ஒரே பரீட்சையில் தேறியவர்கள், அடுத்தடுத்த அறைகளில் பாடம் எடுக்கிறோம். அவள் இந்த மண்ணின் அன்னாமியப் பெண், அதனால் உள்ளூர்ச் சம்பளம். நான் புதுச்சேரிக் குடும்பம், சட்டப்படி பிரெஞ்சுக்காரி, அதனால் ஐரோப்பியச் சம்பளம். என் ஒருத்தியின் சம்பளத்தில் இரண்டு லான்களை வைத்துக்கொள்ளலாம்.

அதையே சொன்னேன். "என் சம்பளத்தைக் குறையுங்கள், மதாம். அவளும் இருக்கட்டும்."

"பிரெஞ்சுக்காரி சம்பளத்தில் கைவைக்க நான் யார், மத்மோசெல்?" என்று சிரித்தாள். "உங்களுக்கு இன்னும் கல்யாண வயது. நல்ல புடவையாக வாங்குங்கள்."

வெளியே வராந்தாவில் லான் குடையை எடுத்துக்கொண்டாள். "உன் அறையில் கடைசி பெஞ்சு காலிதானே? என் பிள்ளைகளில் நாலு பேரையாவது உட்கார வை" என்றாள். எந்த நாலு பேர் என்று அவளே சொல்வாள் என்று நின்றேன். சொல்லாமலே போய்விட்டாள். வகுப்பு நிறையக் குழந்தைகள். நாளைக் காலை வாசலில் நின்று நான்தான் நாலு பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னால் கோபம். "இந்த உரிமைக்காகத்தானே உங்க தாத்தா பேரையே பிரெஞ்சுல மாத்திக்கிட்டார்? அதைக் குறைச்சுக்கோன்னு கேக்கறியே, பைத்தியமாடி நீ?"

சாப்பாடு வேண்டாம் என்று எழுந்து வந்தேன். பிறகு பசித்தது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன்.