டியூப் லைட் வெளிச்சத்தில் அளந்த வேகம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சமையலறையில் ஒழுகுகிற குழாயும் அப்படியே இருக்கிறோம். அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மழுப்பாமல் எழுது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வில் என்ற சொல் வந்ததுமே நீ "வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பார். விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்! ஐம்பத்து மூன்று வயதில், பெண்கள் காம்பவுண்ட் வில் பிரிவில், முதலிடம். போன வருடம் ஜெயித்த பல் டாக்டர் எனக்கு அடுத்ததாக வந்தார். அன்றிலிருந்து எனக்கு வாயெல்லாம் பல். அதைக் காட்டவும் அவரிடம்தான் போக வேண்டும்.

ஆனால் காலையில் நான் பட்ட அவமானத்தை நீ கேட்க வேண்டும். தோப்புப் போட்டி எப்படி என்று உனக்குத் தெரியும். ரப்பர் மானையும் பன்றியையும் மரங்களுக்கு நடுவே நிறுத்திவிடுவார்கள். தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், கண்ணால்தான் கணக்குப் போட வேண்டும். அம்பு வேகமாகப் போனால் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பாதகமில்லை. அதனால் எல்லோருக்கும் வேகப் பைத்தியம். அம்பின் எடையைக் குறைத்துக் குறைத்து வில்லுக்கே ஆபத்து வரும் வரை போவார்கள். நொடிக்கு இருநூற்று எண்பது அடிக்கு மேல் கூடாது என்ற விதி வந்ததே அதனால்தான்.

அந்த விதியைக் காக்க வேக மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு யார், உன் அப்பாதான். அவர் பூட்டித் தந்த வில்லில் நீ விட்ட அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போதே நொறுங்கி உன் இடது கையில் ஏறியதே, அன்றிலிருந்து அவர் ஒருவருக்கும் வில் பூட்டித் தரவில்லை, தானும் ஓர் அம்பு விடவில்லை. போட்டிக்குப் போட்டி போய்ப் பரிசோதகர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். வேலையில் லிஃப்ட் கயிற்றைச் சோதிக்கிற அதே கண்ணால் ஒவ்வொரு வில்லையும் பார்க்கிறார். அவரிடம் வில்லை நீட்டும்போது ஊரே பயப்படும். நான் பயப்படவில்லை. வீட்டில் அளந்துதானே கொண்டு போயிருந்தேன்!

என் முறை வந்தது, விட்டேன். மெஷின் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று காட்டியது. மறுபடி விட்டேன், அதே எண். உன் அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "போட்டியாளர் வில்லைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகலாம். அரை மணி நேரத்துல சரி பண்ணிக்கிட்டு வரலாம், இல்லன்னா ஆட முடியாது" என்றார். போட்டியாளராம்! கட்டிய மனைவியை! பின்னால் வரிசையில் நின்ற பல் டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். எனக்கு மானமே போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். போட்டிக்கு அவர் கொண்டுவரும் அதே மெஷினை வீட்டு நடையில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்து அளந்திருக்கிறேன். அந்த விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது, மெஷின் குழம்பிப்போய் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறது. முந்தின நாளே உன் அப்பா அந்தப் பக்கமாகப் போகும்போது, "வெயில்ல வச்சுப் பாரு, அதுக்கு டியூப் லைட்டு ஒத்துக்காது" என்று சொன்னார். நான்தான், "உங்க லிஃப்ட்டைப் போய்ப் பாருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன்.

என்ன செய்வது என்று பையைக் கொட்டினால் ஓரத்துப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா விழுந்தது. உள்ளே கனமான அம்பு முனைகள், எல்லா அம்புக்கும் போதுமானவை. நான் வைக்கவில்லை. யார் வைத்திருப்பார் என்று உனக்கே தெரியும். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு மூன்று கிராம் கூடினால் வேகம் அடங்கிவிடும் என்று தெரிந்துதானே வைத்தார், வாயைத் திறந்து இன்னொரு தரம் சொன்னால் என்ன?

பழைய முனைகளைத் திருகிக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். பூட்டிய ஒவ்வோர் அம்பையும் காதருகே வைத்து வளைத்துக் கேட்டேன். காலையில் கிளம்பும் அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன். மூன்றாவது அம்பில் 'கிரிச்' என்றது. பஞ்சை வைத்துத் தடவினேன், நடுத்தண்டில் ஓரிடத்தில் நூல் பிடித்துக்கொண்டது. மயிரிழை விரிசல். உன் கையிலிருந்து அவர் இடுக்கியால் எடுத்த கார்பன் அம்புச் சில்லுகள்தான் கண்முன் வந்தன. அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்பை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை.

மெஷின் இருநூற்று எழுபத்தெட்டு காட்டியது. வேகம் மாறினால் வில்லில் குறி பார்க்கும் கருவியில் போட்டு வைத்த தூரக் கோடுகள் எல்லாம் பொய். மிச்சமிருந்த நேரத்தில் பயிற்சிப் பலகையில் விட்டு விட்டுப் பார்த்துப் புதுக் கோடு போட்டுக்கொண்டு ஓடினேன். முதல் நான்கு மிருகத்தில் தடுமாற்றம்தான். ஐந்தாவதில் கை பிடிபட்டது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே உன் அம்மாவை!

கடைசி இலக்குக்கு வரும்போது பல் டாக்டரும் நானும் சரிசமம். பள்ளத்துக்கு அப்பால் ஒரு பன்றி, உன் அப்பாவின் நாற்காலியிலிருந்தே தெரிகிற இடம். அவர் விட்டார், நல்ல இடம், பத்து. ஜெயிக்க வேண்டுமானால் அதற்கும் மேல் மதிப்பெண் தரும், நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தையே நான் அடித்தாக வேண்டும். இழுத்து முடித்ததும் காற்று எழுந்தது. கப்பி இல்லாத பழைய மாதிரி வில்லாக இருந்தால் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, விட்டிருக்கத்தான் வேண்டும். இந்த வில்லில் ஐம்பது பவுண்டு இழுத்தாலும் கப்பி திரும்பி முடிந்ததும் கையில் நிற்பது பத்தே பவுண்டு. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ, நன்றாக இருக்கட்டும். காற்று ஓயும்வரை நின்றேன். பிறகுதான் விட்டேன். சின்ன வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

பரிசோதகர் கைதட்டக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, உன் அப்பா தானாக வைத்துக்கொண்டது அது. கைதட்டவில்லை. எழுந்த வேகத்தில் டீ டம்ளரை வேக மெஷின் மேல் கவிழ்த்துவிட்டார். மெஷின் அன்றோடு சரி.

இனிதான் நான் எழுத வந்தது. பரிசாகப் புது வில் ஒன்று கொடுத்தார்கள். ஒரே சாவியில் இழுக்கும் பாரத்தையும் நீளத்தையும் குழந்தைக்கும் வைக்கலாம், பயில்வானுக்கும் வைக்கலாம், அப்படி வந்துவிட்டது காலம். நேற்று உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. அவர் வில் பூட்டுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்க முடியாதபடி ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டியிருந்தார். ஒவ்வோர் அம்பையும் காதருகே வளைத்துக் கேட்டுவிட்டு, விட்டுக்கொண்டே இருந்தார். வில் அவருக்குக் குட்டை, கூனிக் குறுகித்தான் இழுக்க முடிந்தது. ஆனால் எல்லா அம்பும் பலகையில் ஒரே கொத்தாக நின்றன.

விரல் மடங்காமல் வில்லை எப்படிப் பிடிப்பது என்று அன்றைக்கு அழுதாயே, பிடிக்கவே வேண்டாமாம். உள்ளங்கை மேட்டில் தாங்கினால் போதும், விழாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு வார். வெளியே வந்து இதை என்னிடம் சொன்னார். வில்லை உன் அளவுக்கே வைத்திருக்கிறார், அளவை யாரிடமும் கேட்கவில்லை, அவருக்கு அது மனப்பாடம். பிறகு பக்கத்துக் கிளப்பில் ஒரு மெஷினை இரவல் வாங்கி வந்து, நல்ல வெயிலில் வைத்து வேகம் பார்த்தார்.

வில் உன் அறையில் மாட்டியிருக்கிறது. எனக்கு நீளம், அவருக்குக் குட்டை. இந்த வீட்டில் வேறு யாருக்கும் அது பொருந்தாது. விடுமுறை கிடைத்ததும் வா. இழுத்துப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, வந்து அவர் கையால் அதை வாங்கிக்கொள், போதும்.

உன் கைகள் இரண்டும் என்றும் நன்றாக இருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா