நீ நிமிர்ந்து நின்ற நாள்

இன்று காலை பூட் பாலீஷ் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். எனக்கு மறுபடியும் ராணுவ மருத்துவ வாரியம். முதுகைக் காட்ட வேண்டும். பழக்கத்தில் கை தானாகப் பிரஷ்ஷை எடுத்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் மேல்முறையீட்டை எழுதியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன், அகராதியை வைத்துக்கொண்டு விதிகளைப் படித்து, பனிமலைக் காவலில் உன் வலது கால் விரல்கள் மூன்று செத்துப்போன கதையைப் பக்கம் பக்கமாக எழுதினேன். 'பாதக் கோளாறுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை' என்று சொல்லித்தான் உனக்கு ஊன ஓய்வூதியத்தை மறுத்திருந்தார்கள். ராணுவ லாரி உருண்டதில் உடைந்த என் முதுகுக்கும் அதே வாக்கியம்தான்.

நீ என்ன செய்தாய்? பாலீஷ் போட்ட ஷூவோடு வாரியத்தின் அறைக்குள் போய் அட்டென்ஷனில் நின்றாய். கதவுக்கு வெளியே இருந்த எனக்கே கேட்டது.

"வலி இருக்கா?"

"நோ சார்!"

அடையாறு பஸ் ஸ்டாப்பில் உன்னைத் திட்டிக் கிழித்தேன்.

"இன்னாத்துக்குடா வெறப்பா நின்ன? நொண்டிக்கினே போனா கிரீடம் எறங்கிடுமா?"

"ஆபீசர் கேட்டா வேற இன்னா மச்சி சொல்றது? காலு தானா சேந்துகிச்சு. வாயில வர்ல."

"அத போய் உன் பொண்டாட்டி கிட்ட சொல்லு."

நீ சிரித்துக்கொண்டே வலது ஷூவைக் கழற்றினாய். சாக்ஸ் முனையில் ரத்தம்.

'உதவியின்றி நிமிர்ந்து நிற்கிறார்' என்று எழுதி மனுவைத் தள்ளினார்கள். நான்கு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஐந்தாவது மாதம் உன் மனைவி போன் செய்து, "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றாள். என் அந்தப் பிடிவாதத்துக்கு எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

இன்று பாலீஷ் போடவில்லை. ரப்பர் செருப்போடு போனேன். ஆனாலும் டாக்டர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். குதிகால்கள் சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது, இடுப்பில் கத்தி இறங்கியது. "வலிக்குதா?" என்று கேட்டார். 'நோ சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைக்கு உனக்கு என்ன நேர்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"வலிக்குது சார். உக்காரணும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

என் மனுவின் முடிவு எப்படி வந்தாலும் வரட்டும், உன்னுடையதை விடப்போவதில்லை. உன் மனைவி கையெழுத்திட்ட உன் இரண்டாவது மேல்முறையீடு இப்போது என் முன்னால் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவுடன் அதில் ஒரு வரி சேர்த்தேன்: 'அவர் நிமிர்ந்து நின்றது வலி இல்லாததால் அல்ல, அப்படி நிற்க நீங்கள் பழக்கியதால்.'

படித்தவர்கள் யாரிடம் காட்டினாலும் அந்த வரியை எடுக்கச் சொல்வார்கள். எடுக்க மாட்டேன்.